பன்றியின் புரதமும் பட்டாணியின் தோல்வியும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், ஐரோப்பாவின் பன்றிகள் மூன்றாமுலக மக்களின் தட்டிலிருந்தே உண்கின்றன என்ற பொருள்பட எழுதியிருந்தார். அதை மறுத்து வந்த கடிதம், சோயா இல்லாமல் நவீன கால்நடை வளர்ப்பே இல்லை, இது விஞ்ஞானம், இதற்குள் ஏகாதிபத்தியத்தை இழுத்து வரவேண்டாம் என்று சொன்னது. இருவரும் நன்றாகவே வாதிட்டிருந்தார்கள். ஆனால் பன்றி உண்மையில் எதை உண்கிறது, ஏன் அதை உண்கிறது என்ற விடயத்துக்குள் இருவருமே போகவில்லை. நான் ஊரில் பல வருடங்கள் விலங்குப் போசணை கற்பித்தவன். கடந்த பதினான்கு வருடங்களாக டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஒரு கால்நடைத்தீன் ஆலையில் இரவு வேலை செய்கிறேன். முன்பு கரும்பலகையில் எழுதியதை இப்போது சாக்குக் கணக்கில் பார்க்கிறேன் என்பதால் இவ்விவாதத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நான் சொல்ல வருவது வயற்பட்டாணியைப் பற்றி. நாங்கள் தமிழ்க்கடையில் வடைப்பருப்பு என்று வாங்கி வரும் பையைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் கடலைப்பருப்பு என்றும், சிலவற்றில் பிளந்த மஞ்சள் பட்டாணி என்றும் இருக்கும். அந்த மஞ்சள் பட்டாணிதான்.

முதலில் புரதம் என்ற சொல்லைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கவேண்டும். தீன் சாக்கின் மேல் 'புரதம் 16 வீதம்' என்று அச்சிட்டிருப்பதைப் புரதம் என்று எண்ணிவிடக் கூடாது. 1883இல் கொப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பேர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் யொஹான் கெல்டால் என்பவர் ஒரு முறையைக் கண்டார். தானியத்தைச் செறிந்த கந்தகவமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைதரசனை அமோனியாவாக மாற்றி அளப்பது. புரதத்தில் சராசரியாக 16 வீதம் நைதரசன் உண்டு என்பதால், கிடைத்த நைதரசனை 6.25ஆல் பெருக்கினால் 'பண்படாப் புரதம்' வந்துவிடும். நூற்று நாற்பது வருடங்களாக உலகத் தீன் வியாபாரம் இந்த எண்ணின் மேல் நடக்கிறது. நைதரசன் எங்கிருந்து வந்தது என்று இந்த எண் கேட்பதில்லை. 2008இல் சீனாவில் பால்மாவுக்குள் மெலமைன் கலந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மெலமைனில் நைதரசன் நிறைய, புரதம் இல்லை. ஆய்வுகூடம் சரி என்றது, குழந்தைகள் இறந்தன. கலப்படம் செய்யாத இடத்திலும் இந்த எண் முழு உண்மையைச் சொல்லாது. அவரையினப் புரதங்களில் நைதரசன் சற்று அதிகம். பட்டாணிக்கு 6.25 அல்ல, ஏறத்தாழ 5.4 என்பதே பொருத்தமான பெருக்கம்.

விலங்குக்கு வேண்டியது அமினோவமிலங்கள். அவற்றில் ஒரு பகுதியை உடல் தானே செய்துகொள்ளும், மற்றவை உணவில் வரவேண்டும். நம்மில் பலர் அச்சுக்கூடங்களில் நின்றவர்கள், ஆகவே அந்த வேலையை வைத்தே சொல்கிறேன். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் 'ன்' எழுத்து தீர்ந்துபோனால் 'க'வும் 'ப'வும் குவிந்து கிடந்தும் பக்கம் நகராது. தானியம் உண்ணும் பன்றிக்கு முதலில் தீர்ந்துபோகும் எழுத்து லைசின். கோதுமையிலும் பார்லியிலும் சோளத்திலும் லைசின் குறைவு. பார்லியை மட்டும் கொடுத்து வளர்த்தால் பன்றி வளராமல் கொழுக்கும். மிஞ்சிய அமினோவமிலங்களை உடைத்து, நைதரசனைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். டென்மார்க்கின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறிய கதையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இங்கேதான் அவரையினம் வருகிறது. பட்டாணியின் புரதத்தில் ஏறத்தாழ 7 வீதம் லைசின். சோயாப் புரதத்தில் அது 6 வீதத்துக்குச் சற்று மேல், கோதுமைப் புரதத்தில் 3 வீதத்துக்கும் கீழ். ஆக, புரதத்துக்குப் புரதம் பார்த்தால் பட்டாணி சோயாவை விட லைசினில் வளமானது. அதன் குறை மெதியோனின் என்ற கந்தகம் கொண்ட அமினோவமிலம். திரிப்டோபானும் சற்றுக் குறைவு. தானியத்தின் பலவீனமும் பட்டாணியின் பலவீனமும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும். சோறும் பருப்பும், பிட்டும் பயறும் என்று எங்கள் சமையலறை வைத்திருக்கும் சேர்க்கையின் கணக்கும் இதுதான்.

எண்களில் காட்டுகிறேன், ஏனென்றால் வாதத்தின் மையம் இதில் இருக்கிறது. ஆலைக்கு வரும் ஈரப்பதத்தில் ஒரு கிலோ பட்டாணியில் ஏறத்தாழ 215 கிராம் புரதம், 440 கிராம் மாப்பொருள், 15 கிராம் லைசின், 2 கிராம் மெதியோனின். ஒரு கிலோ சோயாப் புண்ணாக்கில் 460 கிராம் புரதம், 28 கிராம் லைசின், 6 கிராமுக்குச் சற்று மேல் மெதியோனின். பார்லியில் 105 கிராம் புரதம், 4 கிராமுக்கும் குறைவான லைசின், 1.7 கிராம் மெதியோனின். சோயாவுக்குப் பதில் பட்டாணி என்று கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுபவர்கள் இந்த இடத்தில் 460ஐயும் 215ஐயும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பட்டாணியில் பாதி மாப்பொருள் என்பதை, அதாவது அது பாதி தானியம் என்பதை, மறந்துவிடுகிறார்கள். சரியான ஒப்பீடு இது: 3 கிலோ பட்டாணி ஒரு பக்கம், 1 கிலோ சோயாப் புண்ணாக்கும் 2 கிலோ பார்லியும் மறுபக்கம். புரதம் 645 கிராம், எதிரே 670. லைசின் 45 கிராம், எதிரே 35. மெதியோனின் 6 கிராம், எதிரே ஏறத்தாழ 10. குறைவது 4 கிராம் மெதியோனின், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி வெள்ளைத் தூள். அதை இரசாயன ஆலைகள் பல தசாப்தங்களாகச் செயற்கையாகச் செய்து விற்கின்றன, எங்கள் ஆலையிலும் அது சாக்குச் சாக்காக இருக்கிறது. இத்தனைக்கும் இந்தத் தேக்கரண்டி கூடப் பன்றியை விடக் கோழிக்கே அவசரம். இறகின் புரதத்தில் கந்தகம் அதிகம், இறகு வளர்க்கும் பிராணிக்கு மெதியோனின் அதிகம் வேண்டும். வளரும் பன்றிக்கு அமினோவமிலங்களைச் சரிக்கட்டிக் கொடுத்தால் தீனில் 30 வீதம் வரை பட்டாணி இருந்தாலும் வளர்ச்சி குறைவதில்லை. பால் மறந்த சிறு குட்டிகளுக்கு மட்டும் அளவு குறைக்கவேண்டும்.

அவரையினங்களுக்கு இயற்கை கொடுத்த தற்காப்பு நஞ்சுகள் உண்டே என்று விடயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். பச்சைச் சோயாவில் திரிப்சின் என்ற சமிபாட்டு நொதியத்தைத் தடுக்கும் பொருள் நிறைய உண்டு. சூடாக்காமல் கொடுத்தால் பன்றியின் வளர்ச்சி தடைப்படும். ஆகவே சோயா எண்ணெய் ஆலையைக் கடந்துதான் தீனாக முடியும். வசந்தகாலத்தில் விதைக்கும் பட்டாணியில் இந்தத் தடுப்பான் மிகக் குறைவு, வயலிலிருந்து நேரே அரைத்துக் கலக்கலாம். இது சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் சோயாவை உண்ணக்கூடியதாக்குவதற்கு ஒரு பெரும் ஆலையும் துறைமுகமும் வேண்டும், பட்டாணிக்கு ஒரு சுத்தியல் அரைவை இயந்திரம் போதும். எந்தப் பயிருக்குப் பின்னால் எவ்வளவு மூலதனம் நிற்கும் என்பது ஓரளவுக்கு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

இன்னொரு தடை தனின். விதைத்தோலில் உள்ள இந்தத் துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சமிபாட்டைக் கெடுக்கும். ஊதாப் பூப் பூக்கும் பட்டாணியில் தனின் உண்டு, வெள்ளைப் பூப் பட்டாணியில் இல்லை. இதை வாசிக்கும்போது சிலருக்குப் பாடசாலை ஞாபகம் வரக்கூடும். 1866இல் வெளியான கிரகர் மெண்டலின் கட்டுரையில் அவர் ஆராய்ந்த ஏழு இயல்புகளில் ஒன்று விதைத்தோலின் நிறம். அது பூவின் நிறத்தோடு சேர்ந்தே வருகிறது என்பதை அவர் அங்கேயே குறித்திருக்கிறார். இன்னொன்று விதையின் உருண்டையும் சுருக்கமும். சுருங்கிய பட்டாணியில் மாப்பொருளைக் கிளைக்கவைக்கும் நொதியம் பழுதாகியிருக்கிறது என்று 1990இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அதனால் அதில் மாப்பொருள் குறைவு, சீனி அதிகம். அது மரக்கறிப் பட்டாணி. தீனுக்கு வேண்டியது உருண்டையானது, வெள்ளைப் பூவுடையது. நாங்கள் மாணவர்களுக்கு விகிதங்களை மட்டும் எழுதிக் காட்டினோம். ஏழில் இரண்டு இயல்புகள் பன்றியின் குடலில் என்ன செய்கின்றன என்பதும் அந்தப் பாடத்தில் இருந்திருக்கலாம். மெண்டல் ஆராய்ந்த இன்னொரு இயல்பான மஞ்சள்-பச்சை வேறுபாட்டினால் தீனுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் அங்காடிப் பட்டாணி விலையில் அதுவே பெரிய வித்தியாசம்.

மாட்டின் கதை வேறு. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பட்டாணிப் புரதத்தை மிக விரைவாக உடைத்து அமோனியா ஆக்கிவிடுகின்றன. அதிகம் பால் தரும் பசுவுக்கு உடையாமல் குடல்வரை போகும் புரதமும் கொஞ்சம் வேண்டும். அதற்குப் பட்டாணியை வறுக்கவோ சூடாக்கி அழுத்தவோ வேண்டும். அங்கே சோயாவுக்கும் கடுகின எண்ணெய் விதையின் புண்ணாக்குக்கும் ஒரு நியாயமான அனுகூலம் உண்டு.

இவ்வளவு தகுதியிருந்தும் பட்டாணி ஏன் ஐரோப்பாவின் தீனில் ஓரத்தில் கிடக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கு விதையாகவும் புண்ணாக்காகவும் ஏறத்தாழ 3 கோடி தொன் சோயாவை இறக்குமதி செய்கிறது. 60 இலட்சம் மக்கள் வாழும் டென்மார்க்கில் ஆண்டுக்கு 2 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் பிறந்து வளர்கின்றன. நண்பரின் கட்டுரை இதை அண்மைக்கால உலகமயமாதலின் விளைவாகக் காண்கிறது. அது சரியல்ல. 1870களில் அமெரிக்க, ரஷ்யத் தானியம் ஐரோப்பாவில் மலிந்து கொட்டியபோது டென்மார்க் விவசாயிகள் தானியம் விற்பதை விட்டு, மலிந்த தானியத்தை வாங்கி வெண்ணெயும் பன்றியிறைச்சியும் ஆக்கி இங்கிலாந்துக்கு விற்கத் தொடங்கினார்கள். முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை 1882இல் வந்தது. கூட்டுறவுப் பன்றியிறைச்சி ஆலை 1887இல் ஹோர்சென்ஸ் நகரில் வந்தது. தானியத்தோடு புண்ணாக்கும் கப்பலில் வந்தது. பருத்திவிதை, சூரியகாந்தி, தேங்காய் எல்லாம். இலங்கையின் வணிக ஆங்கிலத்தில் தேங்காய்ப் புண்ணாக்குக்கு 'பூனாக்' என்று பெயர், எங்கள் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆகக் குடியேற்ற நாடுகளின் எண்ணெய் ஒரு பக்கமும் பிண்ணாக்கு மறுபக்கமுமாக ஐரோப்பிய மாட்டுத்தொழுவத்துக்கும் போய்ச்சேர்ந்த காலம் சோயாவுக்கு முந்தியது.

இந்தச் சார்பு என்ன விலை கேட்கும் என்பது 1917இல் தெரிந்தது. கடல் முற்றுகையால் புண்ணாக்கும் தானியமும் நின்றன. மிக்கெல் ஹின்ட்ஹேட் என்ற டெனிஷ் மருத்துவர் அரசுக்கு ஆலோசகராக இருந்தார். பன்றியும் மனிதனும் ஒரே உணவுக்குப் போட்டியிடுகிறார்கள், பன்றியைக் குறையுங்கள் என்றார். அவரது கணக்குப்படி பன்றிகளில் ஐந்தில் நான்கு பங்கு வெட்டப்பட்டன, மாடுகளில் ஆறில் ஒன்று. மக்கள் தவிட்டோடு சேர்ந்த ரொட்டியும் கிழங்கும் கஞ்சியும் உண்டார்கள். கொப்பன்ஹேகனில் இறப்பு வீதம் குறைந்ததென்று 1920இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். தாவர உணவுக்காரர்கள் இன்றும் இதைப் பெருமையாக எடுத்துக்காட்டுவார்கள். அதே 1917இல் சாராயத்தின் மீது மிகக் கடுமையான வரி விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. எப்படியோ, யுத்தம் முடிந்தது, கப்பல் வந்தது, பன்றி திரும்பியது.

இரண்டாவது பாடம் 1973. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன், 1960-62இன் டில்லன் சுற்றுப் பேச்சுவார்த்தைகளில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் தானியத்துக்குச் சுங்க மதில் கட்டிக்கொள்ள அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு எண்ணெய் விதைகளும் புண்ணாக்கும் தீர்வையின்றி உள்ளே வரலாம் என்று ஐரோப்பா ஒப்புக்கொண்டது. கடிதம் எழுதிய நண்பர் கவனிக்கவேண்டிய இடம் இது. உள்ளூர்த் தானியம் மதிலுக்குள் விலை உயர்ந்தும், வெளிநாட்டுப் புரதம் வாசலால் தடையின்றியும் வரும்படி ஏற்பாடு செய்த பின்னர், சோயாதான் சிக்கனமானது என்பதைப் போசணை விஞ்ஞானம் கண்டுபிடிக்கத் தேவையில்லை, சுங்க அட்டவணையே சொல்லிவிடும். பாதி தானியம், பாதி புரதம் என்ற பட்டாணிக்கு அந்த அட்டவணையில் பொருத்தமான இடம் இருக்கவில்லை.

1972இல் எல்நினோவால் பெரு நாட்டின் நெத்தலி மீன்பிடி சரிந்தது, உலகின் மீன்தூள் தீன் அருகியது. சோவியத் விளைச்சலும் பொய்த்தது. சோயா விலை ஏறியது. 1973 ஜூன் 27இல் நிக்சன் அரசாங்கம் சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. டென்மார்க் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தடை சில மாதங்களில் நீங்கியது, ஆனால் பயம் நீங்கவில்லை. யப்பான் பிரேசிலின் செராடோப் புல்வெளியைச் சோயா நிலமாக்க முதலிட்டது. கூட்டுத் திட்டம் 1979இல் தொடங்கியது. ஐரோப்பா 1978இல் பட்டாணிக்கும் வயலவரைக்கும் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. விளைவு வியப்பானது. பிரான்சில் ஏறக்குறைய இல்லாதிருந்த பட்டாணி 1990களின் தொடக்கத்தில் 7 இலட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. டென்மார்க்கிலும் 1980களில் பட்டாணி வயல்கள் பெருகின. இலை முழுவதும் பற்றுக்கம்பியாக மாறிய, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் புதிய இனங்கள் வந்தன. பன்றிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போசணைப் பாடப்புத்தகம் சொன்னது வயலிலும் தொழுவத்திலும் நிரூபணமானது என்றே சொல்லவேண்டும்.

பின்னர் 1992இல் பொது விவசாயக் கொள்கை திருத்தப்பட்டது, தானிய விலை விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனின் பிளேயர் ஹவுஸில் அமெரிக்காவோடு செய்த உடன்பாடு ஐரோப்பாவின் எண்ணெய் விதைப் பரப்புக்கு எல்லை போட்டது. தானியம் மலிந்தபோது பட்டாணியின் தானியப் பாதியும் மலிந்தது. அதோடு ஒரு நோயும் வந்தது. வேரை அழுகவைக்கும் அபனோமைசிஸ் என்ற நுண்ணுயிர் 1993இலிருந்து பிரான்சின் வயல்களில் பரவியது. ஒருமுறை மண்ணில் ஏறினால் பல வருடங்கள் அங்கேயே இருக்கும். உதவித்தொகையின் ஆசையில் அடுத்தடுத்துப் பட்டாணி போட்ட நிலங்களே முதலில் விழுந்தன. இதில் எந்த வல்லரசையும் குற்றம் சொல்லமுடியாது. 2001இல் மாட்டுப் பித்து நோய் காரணமாக இறைச்சி-எலும்புத் தூள் பண்ணை விலங்குகளுக்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டபோது ஒரு பெரும் வெற்றிடம் உண்டானது. அதைப் பட்டாணி நிரப்பியிருக்கலாம், அதற்குள் வயல்கள் சுருங்கிவிட்டன. சோயா நிரப்பியது.

இனி ஆலைக்குள் வருகிறேன். தீனின் கலவையைத் தீர்மானிப்பது போசணை நிபுணர் என்று வெளியில் நினைக்கிறார்கள். நிபுணர் எல்லைகளை மட்டும் போடுகிறார்: லைசின் இதற்குக் குறையக்கூடாது, நார் இதற்கு மேல் போகக்கூடாது என்று. மிகுதியை நேர்கோட்டுத் திட்டமிடல் என்ற கணிதம் செய்கிறது. இதன் முன்னோடி மனிதருக்காகப் போட்ட கணக்கு. 1945இல் ஜோர்ஜ் ஸ்ரிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், ஒரு ஆள் ஒரு வருடம் குறைந்த செலவில் உயிர்வாழத் தேவையான உணவு என்ன என்று கணித்தார். கோதுமை மா, கெட்டிப்பால், முட்டைக்கோவா, பசளிக்கீரை, உலர்ந்த அவரை. 1939இன் விலையில் வருடத்துக்கு 39 டொலர் 93 சதம். இதை யாரும் உண்ணப் பரிந்துரைக்கவில்லை என்று அவரே சொன்னார். முகாம்களில் இருந்த எங்களில் சிலர் அவ்வளவு உறுதியாக இருக்கமாட்டோம். மனிதருக்குச் சிரிப்பாகிப்போன கணக்கு 1951இல் மாட்டுத்தீனுக்குப் பயன்பட்டது, இன்று எந்த ஆலையும் அதில்லாமல் இயங்காது.

இந்தக் கணிதம் பட்டாணியை வெறுக்கவில்லை. 3 கிலோ பட்டாணி என்பது 1 கிலோ சோயாவும் 2 கிலோ பார்லியும் என்று முன்பு கண்டோம். ஆகவே உதாரணத்துக்கு ஒரு தொன் சோயா 400, பார்லி 200 என்று வைத்தால் பட்டாணியின் பெறுமதி ஏறத்தாழ 267, மெதியோனின் செலவைக் கழித்துச் சற்றுக் கீழே. அந்த விலைக்குக் கிடைத்தால் கணினி உடனே எடுத்துக்கொள்ளும். ஆனால் டென்மார்க் விவசாயி ஒரு ஹெக்டேரில் 8 தொன் கோதுமை எடுக்கக்கூடிய இடத்தில் 4 தொன் பட்டாணிதான் எடுப்பார், அதுவும் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். நைதரசன் உரம் தேவையில்லை, அடுத்த பயிருக்கு மண்ணும் நன்றாகும் என்ற இலாபங்கள் எங்கள் கணினிக்குள் வருவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் 8 தொன் கோதுமையிலும் 4 தொன் பட்டாணியிலும் ஹெக்டேருக்குக் கிடைக்கும் பண்படாப் புரதம் ஏறக்குறைய ஒன்றே. லைசினில் பட்டாணி இரண்டு மடங்குக்கு மேல்.

லைசினிலும் பட்டாணிக்கு ஒரு போட்டியாளர் வந்துவிட்டது. 1950களின் இறுதியில் யப்பானில், ஒருவகைப் பக்றீரியாவைச் சீனிக்கரைசலில் வளர்த்து லைசினை உற்பத்தி செய்யும் முறை வந்தது. இப்போது தானியத்தின் லைசின் பள்ளத்தைத் தூளாலேயே நிரப்பிவிடலாம். 1996இல் இந்த லைசின் வியாபாரத்தில் விலையைச் சதி செய்து உயர்த்தியதற்காக ஆர்ச்சர் டானியல்ஸ் மிட்லண்ட் என்ற அமெரிக்கப் பெருநிறுவனம், சித்திரிக்கமிலத்தில் செய்த அதே குற்றத்தையும் சேர்த்து, 100 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. பன்றியின் அத்தியாவசிய அமினோவமிலத்துக்கும் ஒரு கூட்டுச்சதி இருந்தது என்பதை ஏகாதிபத்தியம் பற்றி எழுதும் நண்பருக்குப் பரிசாகத் தருகிறேன்.

ஆனால் கணினிக்கும் முன்னால் நிற்பது தொட்டி. இதைப் பாடப்புத்தகங்களில் காணவில்லை. சாக்குத் தூக்கும் ஆள்தான் இதைக் காண்பான். ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டும். ஆலையில் தொட்டிகள் எண்ணிக்கையில் அடங்கியவை. சோயாத் தொட்டி காலியாகும்போது துறைமுகத்துக்கு ஒரு அழைப்பு போதும், வருடத்தின் 52 வாரமும் அதே தரத்தில், அதே நிறத்தில் லொறி வந்து நிற்கும். பட்டாணி அறுவடைக்குப் பின் பத்துப் பண்ணைகளிலிருந்து பத்து ஈரப்பதத்தில், பத்துப் புரத அளவில் வரும். தை மாதத்தில் தீர்ந்துவிடும். பாதி வருடம் வெறுமையாக இருக்கப்போகும் தொட்டியை எந்த முகாமையாளரும் ஒதுக்கமாட்டார். தொட்டி இல்லாததால் ஆலை வாங்குவதில்லை, ஆலை வாங்காததால் விவசாயி விதைப்பதில்லை, விதைக்காததால் தொட்டி இல்லை.

2022இல் உக்ரேன் யுத்தத்தோடு விலைகள் எல்லாம் கலைந்தபோது, எங்கள் ஆலையில் சில மாதங்களுக்குப் பட்டாணி ஒரு தொட்டியைப் பிடித்தது. உருளைத் துண்டுகளாக அழுத்தும் இயந்திரத்தில் அந்தத் தீன் நொறுங்காமல், தூள் குறைவாக, இறுக்கமாக வந்தது. மேற்பார்வையாளர் இயந்திரத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று விசாரித்தார். பட்டாணியின் மாப்பொருளும் புரதமும் நீராவியில் பசையாகின்றன, அதனால்தான் என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மின்பொறியாளரை அழைத்தார். மின்பொறியாளர் ஒரு மணித்தியாலம் தேடினார். அந்த ஒரு மணித்தியாலமும் நான் கீழே சிந்திய தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பட்டதாரிகளாக இங்கே வந்த பலருக்கு இப்படி ஒரு மணித்தியாலம் இருக்கும், இதை ஒரு பெரிய துயரமாக நான் சொல்லவில்லை. சோயா விலை இறங்கியதும் பட்டாணி போய்விட்டது, இயந்திரம் மறுபடியும் தூள் கக்கியது.

இலங்கையைப் பற்றி நண்பர் கேட்டிருந்தார். பட்டாணி குளிர்ப்பயிர், யாழ்ப்பாணத்து வெயிலில் அதற்கு வேலையில்லை. ஆனால் தீனின் கேள்வி அங்கே இன்னும் கூர்மையானது. இலங்கையின் கோழிப்பண்ணைகள் இறக்குமதிச் சோயாப் புண்ணாக்கையும் உள்நாட்டு, வெளிநாட்டுச் சோளத்தையும் நம்பி வளர்ந்தவை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்தார்கள், சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலர் தீர்ந்தது, தீன் வரவில்லை, பண்ணைகள் மூடின, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷாவும் சோளமும் சோயாவும்தான். 2022இல் சோளம் இல்லாமல் அதன் உற்பத்தியும் தடைப்பட்டது. கோழியும் தாயும் ஒரே மூட்டைக்கு வரிசையில் நின்றார்கள் என்பது அங்கே உருவகம் அல்ல. எங்கள் பாட்டிமார் ஆட்டுக்குக் குழை வெட்டியதும், எள்ளுப் புண்ணாக்கை ஊறவைத்ததும், வேலிக் கிளிசரியாவை ஒடித்ததும் டொலர் இல்லாத புரதம். கிளிசரியா இலையின் உலர்பொருளில் ஐந்திலொரு பங்குக்கு மேல் பண்படாப் புரதம் உண்டு. ஆனால் அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும், கோழிக்கு ஆகாது. முட்டையைக் குழையால் உற்பத்தி செய்யலாம் என்று தேசியவாத உற்சாகத்தில் யாராவது எழுதினால் நம்பவேண்டாம்.

பட்டாணி இப்போது இங்கே வேறொரு வழியால் திரும்பி வருகிறது. டென்மார்க் 2023 ஒக்டோபரில் தாவர உணவுகளுக்கென ஒரு தேசியச் செயற்திட்டம் வெளியிட்டது. கடைகளில் இறைச்சி போலச் செய்த உருண்டைகளின் பொதியில் பட்டாணிப் புரதம் என்று எழுதியிருக்கிறது. பட்டாணியை மாவாக்கி, காற்றாலோ நீராலோ பிரித்து, புரதத்தை மனிதருக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தோலும், நாரும், மாப்பொருளின் ஒரு பகுதியும் மிஞ்சுகின்றன. சென்ற மாரியில் எங்கள் ஆலைக்கு அப்படி மிஞ்சியதில் ஒரு லொறி மாதிரிக்காக வந்தது. மணம் வடைக்கு அரைத்த மாவின் மணம்தான். பரிசோதனைத் தாளைப் பார்த்தேன்: மாப்பொருள் நல்ல அளவில் இருந்தது, லைசின் பெரும்பாலும் போய்விட்டது. அதை ஈடுசெய்யக் கணினி கேட்டது இன்னும் கொஞ்சம் சோயா.